திமிரியா, இடைபாரியா, பாரியா?

அத்தியாயம் 4

புதிதாக நாயனம் (நாகஸ்வரம்) வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "பாரி தானுங்களே நல்ல வாத்தியம்?" கொமரலிங்கம், கொழுமம், மடத்துக்குளம் பக்கத்து மேளக்காரர்களிடமும் இந்த எண்ணம் ஊறிக் கிடக்கிறது. கச்சேரி மேடையில் பெரிய வித்வான்கள் கையில் இருப்பது பாரி. கரகாட்டத்துக்கு முன்னால் வாசிக்கிறவர் கையில் இருப்பது திமிரி. ஆகவே பாரி என்றால் முழு வாத்தியம், திமிரி என்றால் குட்டி வாத்தியம், இடைபாரி இரண்டுங்கெட்டான் என்று ஒரு கணக்கு. இந்தக் கணக்கை நம்பி வாங்கிய பாரிகள் எத்தனையோ வீட்டுப் பரணில் துணி சுற்றிக் கிடக்கின்றன.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களில் தெளிவு வேண்டும். எந்த இடத்தில் வாசிக்கப் போகிறீர்கள்? யாருடைய விரலும் மூச்சும் அதில் உழைக்கப் போகின்றன? நீளத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

நீளமும் கட்டையும்

திமிரி ஏறக்குறைய ஒன்றரை அடி. பாரி, அடியில் மாட்டும் விரிந்த வாயான அணைசோடு சேர்த்தால் சுமார் இரண்டரை அடி. இடைபாரி இரண்டுக்கும் நடுவில். திமிரியின் சுருதி பொதுவாக 4 கட்டைக்கு மேல். 5 கட்டையும் உண்டு. இடைபாரி 3. பாரி 2 அல்லது இரண்டரை. இந்த எல்லைகள் பட்டறைக்குப் பட்டறை கொஞ்சம் நகரும். ஒருவர் இடைபாரி என்று கொடுப்பதை இன்னொருவர் பாரி என்று கொடுப்பார். ஆகையால் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். கட்டையைச் சொல்லி வாங்குங்கள்.

நீளம் கூடினால் சுருதி இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கூடினால் எவ்வளவு இறங்கும் என்பதை அறிந்தால்தான் விரலுக்கு வரப்போகும் கஷ்டம் முன்கூட்டியே புரியும். ஒரே அமைப்பில் செய்த குழலில் முழுச் சுரம் ஒன்று இறங்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் காற்றின் நீளம் சுமார் எட்டில் ஒரு பங்கு கூட வேண்டும். 4 கட்டையிலிருந்து 2 கட்டைக்கு இறங்க நூற்றுக்கு 19 பங்கு கூடுதல். 5 கட்டையிலிருந்து 2 கட்டைக்கு என்றால் மூன்றில் ஒரு பங்கு. 3 கட்டைக்கும் 4 கட்டைக்கும் இடையில் இருப்பது அரைச் சுரம் மட்டுமே என்பதை மறந்துவிடாதீர்கள். ஹார்மோனியத்தில் அவை இரண்டும் பக்கத்துப் பக்கத்து வெள்ளைக் கட்டைகள், நடுவில் கறுப்பு இல்லை. "ஒரு கட்டை குறைத்து வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் எந்த இடத்தில் குறைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வாத்தியம் மாறிவிடும்.

குழல் நீண்டால் துளைகளும் அதே விகிதத்தில் விலகும். துளைக்குத் துளை ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கீழ்க்கையின் நான்கு விரல்களுக்கு நடுவே மூன்று இடைவெளி. மொத்தம் 3 அங்குலம். 4 கட்டைக் குழலை 2 கட்டையாக்கினால் அது மூன்றரை அங்குலத்தைத் தாண்டும். அரை அங்குலம்தானே என்று தோன்றும். அந்த அரை அங்குலத்தைச் சுண்டுவிரலிடம் கேட்டுப் பாருங்கள்.

பாரி மேடைக்கு வந்த கதை

பாரியைத் தமிழ்நாடு முழுக்கப் பரப்பியவர் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அவர் காலத்துக்கு முன் மேளம் என்றால் பெரும்பாலும் உச்சச் சுருதித் திமிரிதான். கோயில் வெளிப்பிராகாரத்திலும் வீதியிலும் நடந்துகொண்டே வாசிக்க, தெருக்கோடி வரை எட்ட, கூர்மையான அந்த ஒலி தேவைப்பட்டது. ஒலிபெருக்கி வந்த பிறகு அந்தக் கட்டாயம் தளர்ந்தது. தாழ்ந்த சுருதியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் ஒரு தோடியை விரித்து வாசிக்க இடம் கிடைத்தது. பிள்ளையவர்கள் கலையில் துணிச்சல்காரர்தான். மைக் இல்லாவிட்டால் அந்தத் துணிச்சலும் பாதி தூரம்தான் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

இன்னொரு தடங்கல் வாத்தியத்துக்குள்ளேயே இருந்தது. பழைய குழல்களில் சுத்த மத்திமம் தானாகப் பேசாது. உதட்டைத் தளர்த்தி, துளையை ஓரளவு மூடி, இழுத்து இறக்கிக்கொண்டு வர வேண்டும். சங்கராபரணமும் தோடியும் வாசிக்கிறவருக்கு இது நித்திய வேதனை. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ரங்கநாத ஆசாரி துளை அமைப்பைத் திருத்திச் சுத்த மத்திமம் நேராக ஒலிக்கும் பாரியைச் செய்து ராஜரத்தினம் பிள்ளைக்குக் கொடுத்தார். இன்று நாம் கையில் எடுக்கும் பாரிகள் அந்த வழியில் வந்தவை. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆக, பாரியின் பெருமைக்கு அதன் உருவம் மட்டும் காரணமில்லை. சரியான இடத்தில் விழுந்த துளைகள்தான் பெரிய காரணம். இன்றைக்கு அதே அறிவோடு செய்த இடைபாரியிலும் மத்திமம் பிசகாமல் பேசும்.

விரல்

நாயனத்தில் விரல் வைக்கும் துளை ஏழு. கட்டைவிரலுக்குப் பின்னால் துளை கிடையாது. மேல்கைக்கு மூன்று, கீழ்க்கைக்கு நான்கு. சுண்டுவிரலும் வேலை செய்தாக வேண்டும்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளோடு ஒரு தகப்பனார் வந்தார். கையில் புதுப் பாரி, 2 கட்டை, பளபளவென்று. "பொண்ணு ஊதுனா கீச்சுக் கீச்சுங்குது ஐயா, கொழலு ஓட்டைங்களா?" குழலில் குறை இல்லை. பெண் வாசிக்கும்போது அவள் கீழ்க்கையைக் கவனித்தேன். சுண்டுவிரல் கம்பி போல விறைத்து எட்டிப் பிடித்திருந்தது. அது இழுத்த இழுப்பில் மோதிர விரல் ஒரு நூலளவு சாய்ந்து, ஆறாவது துளையின் ஓரத்தில் பிறை போல ஒரு சந்து. அந்தச் சந்தில் காற்று போகிறது, குழல் கீச்சிடுகிறது. "கண்ணு, சுண்டுவிரல எடுத்துட்டு மத்த மூணையும் வெச்சுப் பாரு" என்றேன். கீச்சு நின்றுவிட்டது. பாரியை உள்ளே வைக்கச் சொல்லி, 3 கட்டை இடைபாரி ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். கை வளர்ந்ததும் மாறிக்கொள்ளலாம். விரலமைப்பு அதேதான், திரும்ப முதலிலிருந்து பழக வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். ஏழு துளையையும் மூடி, ஊதாமல், அப்படியே சிறிது நேரம் பிடித்திருங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு விரல் சதையைப் பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் துளையின் வட்டம் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும். எந்த விரலில் வட்டம் அறுந்திருக்கிறதோ அந்த விரலுக்கு அந்தக் குழல் பெரிது. விரலை உள்ளே தள்ளி நடுக்கணுச் சதையால் மூடினால் எட்டும்தான். சிலர் அப்படியே வாசித்து ஒப்பேற்றுகிறார்கள். ஆனால் நாயனத்தின் உயிர் கமகத்தில் இருக்கிறது. கால் துளை, அரைத் துளை என்று உருட்டித் திறக்க விரல்நுனிச் சதையின் உணர்வு வேண்டும். நடுக்கணுவுக்கு அது வராது. வேகப் பிர்காவும் மந்தமாகும்.

மூச்சு

பெரிய வாத்தியத்துக்குப் பெரிய நெஞ்சு வேண்டும் என்பார்கள். இது பாதிதான் உண்மை. பித்தளை வாத்தியங்களிலேயே பெரிய டியூபாவை எடுத்துக்கொள்வோம். பெர்லினில் 1835இல் காப்புரிமை பெற்ற வாத்தியம் அது. பேண்டுகளில் ஓங்கி நிற்கும் பி-ஃபிளாட் டியூபாவின் குழாயை நீட்டினால் சுமார் 18 அடி. அதில் முக்கால், முழு, ஒன்றேகால், ஒன்றரை என்று அளவு சொல்லி விற்பார்கள். சுருதி ஒன்றாக இருந்தால் குழாயின் நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த அளவு குழாயின் பருமனையும் வாயின் அகலத்தையும் பற்றியது. அதற்கும் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் முழு அளவு இன்னொரு கம்பெனியின் ஒன்றேகாலாக இருக்கும். நம் பாரி, இடைபாரிப் பெயர்களில் இருக்கும் அதே குழப்பம்.

சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்தவர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ். ஆஸ்துமாக்காரர், நுரையீரல் கொள்ளளவு குறைவு. அவர் வாசித்ததோ யார்க் கம்பெனி செய்த ஒன்றரை அளவு ராட்சத டியூபா. காற்றை எவ்வளவு அடைத்து வைக்கிறோம் என்பதைவிட எப்படி ஓட விடுகிறோம் என்பதே முக்கியம் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவர்.

நாயனத்துக்கு இதில் ஒரு திருத்தம் உண்டு. டியூபாவில் காற்று நிறையப் போகும், அழுத்தம் குறைவு. சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் இரட்டை நாணல் தட்டு, உள்ள வாத்தியத்தில் தலைகீழ். இரண்டு தட்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு சின்னது. அதைத் திறந்து மூட அழுத்தம்தான் வேண்டும். எனவே களைப்பு முதலில் தெரிவது கன்னத்திலும் உதட்டிலும் அடிவயிற்றிலும். பாரிக்கு அகலமான சீவாளி. அதைப் பிடித்து நிறுத்த உதட்டுக்கு வேலை அதிகம். திமிரியில் உச்ச ஸ்தாயி கண்ணைப் பிதுக்கும். பாரியில் கீழ் ஸ்தாயியைக் கனமாக, ஆடாமல் நிறுத்துவதுதான் உயிரை வாங்கும்.

தினசரி சாதகம் செய்கிற ஆளுக்கு இதெல்லாம் மூன்று நான்கு மாதத்தில் பழகிவிடும். நம் பக்கத்தில் நிலைமை வேறு. திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்ட் பார்த்துவிட்டு, முகூர்த்த நாளுக்கு மட்டும் லீவு போட்டு ஊருக்கு வந்து வாசிக்கிற பையன்கள்தான் இன்றைக்குப் பல செட்டுகளைத் தாங்குகிறார்கள். வாரம் முழுக்க ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவன் உதடு, விடியற்காலை நாலு மணி முகூர்த்தத்தில் பாரியை எடுத்தால் தாலி கட்டும் நேரத்துக்குள் விட்டுவிடும். கெட்டிமேளம் கொட்டும்போது நாயனம் தொய்ந்தால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். அவர்களுக்கு நான் சொல்வது எப்போதும் 3 கட்டை இடைபாரி.

எந்த இடத்துக்கு எது

உடுமலையிலும் திருப்பூரிலும் இருக்கும் ஏசி மண்டபங்களில் மைக் உண்டு, சுவர் எதிரொலிக்கும். அங்கே பாரி சுகமாக இருக்கும். பேசிக்கொண்டு சாப்பிடுகிற கூட்டத்தின் காதையும் உறுத்தாது. மண்டப வாசலில் செண்டை மேளம் வைத்திருந்தால் மட்டும் பாரியோடு போட்டிக்கு நிற்காதீர்கள். அவர்கள் முடிக்கும் வரை சுருதிப்பெட்டியை அணைத்துவிட்டுக் காப்பி குடிப்பது உத்தமம்.

கோயில் உள்பிராகாரம், கல் மண்டபம் என்றால் மைக் இல்லாமலே பாரி நிறையும். சாமி புறப்பாட்டு மல்லாரியைக் கம்பீரநாட்டையில் பாரியில் கேட்பது தனி அனுபவம். ஆனால் சாமி கோபுர வாசலைத் தாண்டி வீதிக்கு வந்ததும் கதை மாறும். திறந்த வெளியில் தாழ்ந்த சுருதி கரைந்து போகும். நான்கைந்து தவில் முழங்கும் இடத்தில் அதற்கு மேல் எழும்பிக் கேட்க வேண்டுமானால் இடைபாரியாவது வேண்டும். மாரியம்மன் நோன்பு, முளைப்பாரி ஊர்வலம், பழனிக்குக் காவடி எடுத்துப் போகிற வழிநடை ஆகியவற்றுக்குத் திமிரியை மிஞ்ச ஆள் இல்லை. இலகுவானது, நடந்துகொண்டே வாசிக்கலாம், வயல்வெளி கடந்தும் கேட்கும். கொமரலிங்கத்தில் ராஜவாய்க்கால் பாசன வயல்கள் ஊரை ஒட்டியே விரிந்து கிடப்பதால் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவரே கிடையாது.

காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலைச் சுற்றுவட்டாரத்தைப் புரட்டி எடுக்கும். காற்றாலைகளை இங்கே நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. அந்தக் காற்றில் வெளியே நின்று வாசித்தால் வாயிலிருந்து எடுத்த சீவாளி பேசி முடிப்பதற்குள் உலர்ந்துவிடும். அகலம் கூடிய பாரிச் சீவாளி இன்னும் வேகமாக உலரும். ஓரம் விறைத்துத் தட்டுகள் விலகும், ஊதினால் காற்றுச் சத்தம்தான் வரும். அணைசின் வாயும் எதிர்க்காற்றைப் பிடித்துக்கொண்டு குழலை ஆட்டும். ஆடி வெள்ளி வீதிவாசிப்புக்குத் திமிரியோ இடைபாரியோ கொண்டு போங்கள்; நனைத்த சீவாளி குறைந்தது நான்கு கழுத்துக் கயிற்றில் தொங்கட்டும்; வாசிக்காத நேரத்தில் வாயிலேயே ஒன்று இருக்கட்டும்.

சூடும் சுருதியை மாற்றும். குழலுக்குள் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். 100 சென்ட் சேர்ந்தால் ஒரு அரைச் சுரம். மார்கழி விடியலுக்கும் சித்திரை மதியத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் நம் ஊரில் சாதாரணம். வாய்க்காற்று உள்ளே ஓரளவு சமன்படுத்தினாலும் சுருதிப்பெட்டியோடு சேரவில்லை என்பது காதுக்குத் தெரியும். நீண்ட பாரி சூடேற அதிக நேரம் எடுக்கும். முகூர்த்தத்துக்கு அரை மணி முன்பே வாசித்துச் சூடேற்றி வையுங்கள்.

பட்டறையில் பார்க்க வேண்டியது

உங்கள் சீவாளியையும், அதை மாட்டும் உலோகக் குழாயான கெண்டையையும் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் சீவாளியில் எந்தக் குழலும் தேனாகப் பேசும். அது அவர் வேலை. கால் மணி நேரம் வாசித்துச் சூடேற்றிய பிறகுதான் சுருதி பார்க்க வேண்டும். செல்போனில் டியூனர் செயலி இருந்தால் ஷட்ஜம் வாசித்துப் பாருங்கள்: 2 கட்டைக்கு 'டி', 3 கட்டைக்கு 'இ', 4 கட்டைக்கு 'எஃப்' என்று காட்டும். முள் நடுவில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றால் பயப்பட வேண்டாம். அடிப்பக்கத்தில் விரல் வைக்காத ஐந்து துளைகள் இருக்கின்றன: எட்டாவதாக உள்ள பிரம்மசுரம், இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக ஆதார சுரங்கள். மெழுகு வைத்து இவற்றை அடைத்தும் திறந்தும் சுருதியைக் கொஞ்சம் நகர்த்தலாம். கொஞ்சம்தான். அரைக் கட்டை வித்தியாசத்தை மெழுகில் சரிசெய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து மேல், கீழ் ஸ்தாயிப் பொருத்தம். கீழ்ப் பஞ்சமத்தையும் மேல் பஞ்சமத்தையும் மாறி மாறி வாசியுங்கள். மேலது இறங்கிக் கேட்டால் உடனே குழலைக் குறை சொல்லக் கூடாது. நாயனத்தின் உள்கூடு கூம்பு. மேலே கூம்பின் முனை வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டுப்பட்ட முனையின் இடத்தைக் கெண்டையும் சீவாளியும் சேர்ந்து நிரப்புகின்றன. சீவாளி அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் மேல் ஸ்தாயிதான் அதிகமாக இறங்கும். சிறிய சீவாளி மாட்டிப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் கடைசல் சரியில்லை. திமிரியிலிருந்து பாரிக்கு மாறுகிறவர்கள் பழைய சீவாளியையே மாட்டிக்கொண்டு வாத்தியத்தைத் திட்டுவது வழக்கமான கூத்து.

மரம் ஆச்சாவா என்று எடையிலேயே தெரியும்; கனத்து, தட்டினால் கெட்டியாகச் சத்தம் வரும். நல்ல பட்டறைகளில் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைத்த உத்தரம், தூண்களை வாங்கிக் கடைவார்கள். பல பத்தாண்டு காய்ந்த மரம் வெடிக்காது. பாரி நீளமாக இருப்பதால் பச்சை மரமாக இருந்தால் முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதற்குத்தான் அதிகம். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். வெளிச்ச வளையம் ஒரே சீராக விரிய வேண்டும், எங்கும் கோணக் கூடாது. அணைசு பெரும்பாலும் வாகை மரம். அதன் பளபளப்பைப் பார்த்து விலை கொடுக்க வேண்டாம். குழலோடு இறுக்கமாக உட்காருகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிற செட் என்றால் இரண்டு குழலையும் ஜோடியாக ஒரே ஆசாரியிடம், ஒரே நேரத்தில் சொல்லிச் செய்யுங்கள். இன்றைக்கு ஒன்று, அடுத்த வருஷம் ஒன்று என்று வாங்கினால் கட்டை ஒன்றாக இருந்தாலும் காந்தாரமும் நிஷாதமும் உரசிக்கொண்டே இருக்கும். ஆர்டர் சீட்டில் இவற்றை எழுதி வாங்குங்கள்: கட்டை, துளைக்குத் துளை இடைவெளி, கெண்டையின் அளவு, சுத்த மத்திமம் பாதித் துளை இல்லாமல் பேச வேண்டும் என்ற நிபந்தனை, ஜோடியில் ஒன்று பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார் என்பது. முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம். மீதியை, வாசிக்கப் போகிற இரண்டு பேரும் நேரில் போய்ச் சேர்ந்து வாசித்துப் பார்த்த பிறகு கொடுங்கள். முதலாளி மட்டும் போய் வாங்கி வந்து பையன்களிடம் கொடுப்பது நம் பக்கத்துச் செட்டுகளின் வழக்கம், அதை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிடுங்கள்.